ஆம்பூர்க் காற்று ஒத்துக்கொள்ளாத பெண்

"நீதான் புதுசா சேர்ந்த பொண்ணா?" என்று ஜெசிந்தா மிஸ் கேட்டார்.

நான் ஆமாம் என்றேன். அதாவது, எனக்குத் தெரிந்த விதத்தில் ஆமாம் என்றேன். வாயை லேசாகத் திறந்து, மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தேன்.

மிஸ் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"என்னம்மா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

அப்படியெல்லாம் இல்லை என்று தலையாட்டினேன்.

"மூச்சு விட முடியுதா?"

முடிகிறதே. மறுபடியும் ஆமாம் சொன்னேன். புது டீச்சர், மரியாதையாக இருக்கட்டும் என்று இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தியே இழுத்தேன்.

வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜுவைரியா என்ற பெண், கேட்காமலே தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் வாயில் பாதியும் சட்டையில் மீதியுமாக ஊற்றினாள். பிறகு அவள்தான் எனக்கு தோஸ்த் ஆனாள். இரண்டு பேர் என் கால்களைப் பிடிக்க, ஒருத்தி தலையைப் பிடிக்க, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் என்னைப் படுக்க வைத்தார்கள். மிஸ் குனிந்து, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார்.

பரவாயில்லை என்றுதான் சொன்னேன். உடனே ஹெட்மாஸ்டர் அறைக்கு ஆள் ஓடியது.

ஆம்பூரில் என் பள்ளி வாழ்க்கை படுத்த நிலையில் தொடங்கியது.

உள்ளே போகும் ஆமாம்

சென்ற வாரத் தொடரில், மோஜோவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துபோன கழுதைப்புலியைப் பற்றி எழுதியிருந்தேன். அது என்ன சாப்பிடும் என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் எப்படி இருந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கழுதைப்புலி, தோல் கம்பெனியில் சுரண்டிப் போட்ட சவ்வைச் சாப்பிடும். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக: மோஜோ என்பது எத்தியோப்பியாவில் இருக்கும் ஒரு ஊர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்கள் உலகத்தில் தோல் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் மோஜோவில் ஒரு தோல் கம்பெனிக்கு ஃபினிஷிங் மாஸ்டராகப் போனார். அம்மாவுக்கு அதே கம்பெனியின் லேபில் வேலை. நான் அங்கேயே பிறந்தேன். இருவரும் வேலைக்குப் போய்விட, என்னை வளர்த்தது அல்மாஸ் என்ற பெண்மணி.

அந்த நாட்டில் ஆமாம் என்பதற்கு வார்த்தை இருக்கிறது. ஆனால் பாதி நேரம் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. மூச்சை உள்ளே இழுத்தால் போதும். "காபி வேண்டுமா?" ஒரு இழுப்பு. "மழை வருமா?" ஒரு இழுப்பு. அல்மாஸ் போனில் பேசும்போது பாதி உரையாடல் இழுப்பாகவே இருக்கும். அவளோடு சேர்ந்து எனக்கும் வந்தது, அப்பா அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் பயமுறுத்துவது போல இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது எங்கள் காதில் விழுந்ததே இல்லை.

தமிழில் ஆமாம் சொல்லத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் இது யோசித்துச் செய்வதில்லை. யாராவது கேள்வி கேட்டு, பதில் ஆமாம் என்றால், மூச்சு எனக்கு முன்னால் போய்விடும்.

சொந்த ஊருக்கு வந்தேன் என்றார்கள்

மோஜோவில் இருந்த ஆங்கிலப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு மேல் கிடையாது. அப்பா அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் காண்ட்ராக்ட் பாக்கி. அதனால் என்னை ஆம்பூரில் பெரியப்பா வீட்டில் விட்டு ஐந்தாம் வகுப்பில் சேர்ப்பது என்று முடிவானது. இந்த முடிவை எடுத்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். என்னைக் கேட்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, "சொந்த ஊருக்கு வந்துட்டியா?" என்றார். பெரியப்பா, "வாம்மா, நம்ம ஊருக்கு வந்துட்ட" என்றார். தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அதற்குமுன் நான் ஆம்பூருக்கு வந்தது கைக்குழந்தையாக ஒரே ஒரு முறை. பாஸ்போர்ட்டின்படி எனக்கு அது தாய்நாடு. என் கணக்கில் வெளிநாடு. வெளிநாட்டுக்குப் போன பிள்ளையை எல்லோரும் சமாதானப்படுத்துவார்கள், சொந்த ஊருக்கு வந்தவளை எதற்குச் சமாதானப்படுத்த வேண்டும்? அம்மா கூட இருந்த பத்து நாளும், என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே ஊர்ப் பழக்கத்தில் வாய்திறந்து ஆமாம் சொல்லிவிட்டாள். அவள் கிளம்பியபோது, "அழாதே, நம்ம வீடுதானே" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

பெரியப்பா ஷூ கம்பெனி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் கிளம்பி, சுற்று வட்டார கிராமங்களில் நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் இறக்குவார். பெரியம்மா அதே வேனில் முன் சீட்டில் போய், அதே கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் சூப்பர்வைசராக இருந்தாள். எதைச் சொன்னாலும் பெரியப்பா, "பாத்துக்கலாம்" என்பார். பெரியம்மா அப்போதே பார்த்து முடித்திருப்பாள். அவர்களுடைய ஒரே மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டதால் அவன் அறை எனக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் காலி மனை, அதற்கு அப்பால் பாலாறு.

மோஜோவில் அல்மாஸின் கடிகாரம் வேறு மாதிரி ஓடும். நம் காலை ஏழு மணி அவளுக்கு ஒரு மணி. அவர்களுடைய வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். வருடமும் நம்மைவிட ஏழெட்டு பின்னால் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் எனக்கு அப்போது இரண்டோ மூன்றோ வயது. பெரியம்மா என்னை அந்தக் கணக்கில்தான் நடத்தினாள். தலை வாரிவிட்டாள், ஷூ லேஸ் கட்டிவிட்டாள், பாத்ரூம் வாசலில் நின்று, "ஆச்சா கண்ணு?" என்று கேட்டாள். அதற்கும் நான் மூச்சை இழுத்திருக்கிறேன். அவள் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போனது.

சாப்பாட்டில் தோசையைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எங்கள் இஞ்செராவும் வட்டமாக, புளிப்பாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒன்று வார்த்தால் வீட்டுக்கே தட்டு வேண்டாம், எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடுவோம். ஆளுக்கு ஒரு தட்டில், ஆளுக்கு ஒரு மூலையில், டிவியைப் பார்த்தபடி தோசை சாப்பிடுவது எனக்குச் சண்டை போட்டுக்கொண்ட குடும்பம் போலத் தெரிந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் நம்பமாட்டார்கள். சென்னையிலிருந்து கார் ஆம்பூரை நெருங்கியபோது தோல் வாசனை வந்தது. பெரியப்பா கண்ணாடியை ஏற்றினார். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். அழுகலும் சுண்ணாம்பும் மருந்துமாக ஒரு நெடி. மோஜோவில் எங்கள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பிறந்ததிலிருந்து நான் தூங்கி எழுந்தது அந்த நெடியில்தான். இந்தப் புது நாட்டில் எனக்கு முன்பே தெரிந்தது அது ஒன்றுதான்.

பெரியம்மாவின் வைத்தியம்

முதல் நாள் பள்ளியிலிருந்து போன் போனதும் பெரியம்மா லைனை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். அவள் வேலையில் சேர்ந்ததிலிருந்து அப்படிப் பாதியில் கிளம்பியது அதுதான் முதல் தடவை என்று பெரியப்பா பிறகு சொன்னார்.

"இன்னா கண்ணு பண்ணுது? மூச்சு முட்டுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நல்லா இருக்கியா?"

மூச்சை இழுத்தேன்.

"ஐயோ, இழுக்குதே!" என்று பெரியம்மா என்னை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அணைத்ததில் உண்மையிலேயே மூச்சு முட்டியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நல்லா இருக்கியா என்று அவள் கேட்பாள். நன்றாக இருக்கிறேன் என்று நான் சொல்வேன். அதைக் கேட்டு அவள் பயந்து மறுபடியும் கேட்பாள். நான் மறுபடியும் சொல்வேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல என் நோய் முற்றிக்கொண்டே போனது.

காலையில் கற்பூரவல்லிச் சாறு. மாலையில் ஆடாதோடைக் கஷாயம். படுக்கும்முன் போர்வைக்குள் ஆவி. ஐஸ்கிரீம் கிடையாது, மோர் கிடையாது, தலைக்குக் குளியல் வாரம் ஒருமுறை. பள்ளியில் பி.டி. பீரியட் கிடையாது. கரும்பலகைத் தூசி படக்கூடாது என்று கடைசி பெஞ்ச். என் பையைத் தூக்க ஜுவைரியா நியமிக்கப்பட்டாள். அவள் அந்தப் பதவியைப் பெரிதாக மதித்து, மாடிப்படியில் எனக்கு முன்னால் போய், "வழி வுடுங்க, மூச்சு கேஸு வருது" என்று சத்தம் போடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியம்மா என் அறை ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து, மேலே டேப் ஒட்டினாள். "அந்த நாத்தம்தான் கொழந்தைக்கு ஆவல" என்றாள்.

அதோடு எனக்குத் தெரிந்த அந்த ஒன்றும் போனது.

மோஜோவுக்குச் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். பெரியம்மா சொல்லவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அம்மா வருவாள். மோஜோவில் நெட் வருவதும் போவதுமாக இருக்கும், அம்மாவின் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிடும். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடாத. அவ்ளோ தூரத்துல இருந்துக்கினு அவங்க இன்னா பண்ணுவாங்க, பேஜாரு ஆயிடுவாங்க" என்று பெரியம்மா முன்பே சொல்லி வைத்திருப்பாள். நல்லா இருக்கியா என்று அம்மா கேட்பாள். நான் மூச்சை இழுப்பேன். அம்மா திருப்தியாகத் தலையாட்டுவாள். பின்னால் நிற்கும் பெரியம்மா, கொழந்தை இப்படி இழுக்குது, பெத்தவளுக்கு ஒண்ணுமே தெரியலையே என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இரண்டு முறை ஓதியது

எங்கள் பகுதியில் குழந்தைக்கு உடம்புக்கு வந்தால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் போய் நிற்பது வழக்கம். தொழுகை நடத்திவிட்டு வெளியே வரும் ஹஜ்ரத் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதுவார். ஜுவைரியாவின் அம்மா சொல்லி, பெரியம்மா என்னையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

வரிசையாக இடுப்புக் குழந்தைகள். நடுவில் பெரியம்மாவின் தோளுயரத்துக்கு நான். ஹஜ்ரத் வயதானவர், அத்தர் வாசனையோடு வந்தார். கண்ணை மூடி ஓதி, நெற்றியில் மெல்ல ஊதினார். சுகமாக இருந்தது. கண்ணைத் திறந்து சிரித்தபடி கேட்டார்.

"இப்ப நல்லா இருக்காம்மா?"

நல்லாத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.

ஹஜ்ரத்தின் சிரிப்பு நின்றது. என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓதினார். அன்று அந்த வாசலில் இரண்டு முறை ஓதப்பட்டது நான் மட்டும்தான். இரண்டாவது தடவை அவர் எதையும் கேட்கவில்லை.

பிறகு ஆம்பூரிலேயே ஒரு டாக்டர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்.

"தூங்கும்போது இழுக்குதா?"

"இல்ல சார், பேசும்போதுதான்."

"ஓடினா?"

"ஓட வுடறதில்லயே."

டாக்டர் என் பக்கம் திரும்பி, நல்லா இருக்கியா பாப்பா என்றார். பதிலைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். "தோல் கம்பெனி காத்து சில பேருக்கு ஒத்துக்காதும்மா. முன்ன இருந்த ஊர்ல நல்லா இருந்தாளா?"

"நல்லாதான் இருந்தாளாம்."

"அப்ப அங்கயே அனுப்பிடறதுதான் நல்லது."

அங்கே எங்கள் வீடு எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் அனுப்பிடறது என்ற வார்த்தைக்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. அம்மாவிடம் போகப் போகிறேன். அல்மாஸிடம் போகப் போகிறேன். எனக்கு வந்த நோய் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், டாக்டரும் சொல்கிறார், இருக்கும் என்று நினைத்தேன். அந்த நோய்க்கு மனதார நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மா அரிசி களைந்துகொண்டே பெரியப்பாவிடம் பேசியது கேட்டது. "எவ்ளோ ஆசையா கூப்ட்டேன். பொண்ணு இல்லாத வூட்ல ஒரு பொண்ணு வருதுன்னு. என் வூட்டுக் காத்தே அதுக்கு ஆவலயே."

"பாத்துக்கலாம்" என்றார் பெரியப்பா.

"வேலூர்ல ஒருவாட்டி காட்றேன். அவங்களும் இதையே சொன்னா அனுப்பிட்றேன். அப்புறம் இன்னா பண்றது."

அன்றே என் பெட்டியை அடுக்கிவிட்டேன். மறுநாள் பள்ளியில் ஜுவைரியாவுக்கு என் பென்சில் டப்பாவை நினைவுப் பரிசாகக் கொடுத்தேன். மூடியில் ஒட்டகச்சிவிங்கி போட்டது, அடிஸ் அபாபாவில் வாங்கியது. அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அந்த டப்பாவை இன்றுவரை திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை.

வேலூர்

வேலூரில் ஆஸ்பத்திரிக்காக வருகிறவர்கள் தங்கும் தெருக்களில் நடந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. கடைப் பலகைகள் வங்காளத்தில், லாட்ஜ்காரர் பேசுவது இந்தியில், மெடிக்கல் ஷாப் வாசலில் வடகிழக்கு மலை மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள். இந்தியா வந்து முதல்முறையாக, என்னை மாதிரியே யாருக்கும் அது சொந்த ஊராக இல்லாத ஒரு தெருவில் நடந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

குழந்தை டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தோம். பெரியம்மா ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே போனதும் டாக்டர், அனுப்பிடுங்க என்று சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

யாரோ சட்டென்று மூச்சை உள்ளே இழுத்த சத்தம்.

திரும்பினேன். பின் வரிசையில் வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திய ஒரு பெண். மடியில் ஒரு சின்னப் பையன், பக்கத்தில் கணவர். நர்ஸ் ஆங்கிலத்தில், "காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், இல்லையா?" என்று கேட்க, அந்தப் பெண் மறுபடியும் மூச்சை இழுத்தார்.

நான் பெரியம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். அவர்கள் மொழியில், நலமா என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நலம் என்பதற்கு ஒரு இழுப்பு. பிறகு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம் என்று முத்தம் கொடுத்தார். எங்கள் மொழி எப்படித் தெரியும், அங்கே இருந்தாயா? இழுத்தேன். அடிஸிலா? மோஜோவில் என்றேன். மோஜோவா? இழுத்தேன். அப்பா தோல் வேலையா? இழுத்தேன். அம்மா அங்கேயே இருக்கிறாளா? இழுத்தேன். என் ஊர் பக்கத்தில்தான் என்றார். நிஜமாகவா என்றேன். அவரும் இழுத்தார்.

பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். கறுப்பாக, அழகாக, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணும் நானும் எதிரெதிரே நின்று மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கிறோம். பெரியம்மா முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க! எங்க கொழந்தைக்கு இருக்கிற அதே வியாதி! ஒட்டிக்கிற வியாதி போலருக்கு!"

ஹால் முழுக்கத் திரும்பியது. வங்காளத்துக் குடும்பம் ஒன்று இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தது. நர்ஸ் அந்தக் கணவரிடம் ஏதோ கேட்டார். அவர் பெரியம்மாவைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்ஸுக்கு விளக்கினார். நர்ஸ் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு பெரியம்மாவிடம் வந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. அவங்க நாட்ல ஆமான்னு சொல்றதே அப்படித்தானாம்."

பெரியம்மா முந்தானையை இறக்கினாள். நடந்து வந்து என் முன்னால் குனிந்தாள்.

"ஏண்டி, இத்தினி நாளா நீ ஆமான்னா சொல்லிக்கினு இருந்த?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. நோய் இல்லை என்றால் அனுப்புவது இல்லை. பெட்டி இல்லை, விமானம் இல்லை, அம்மா இல்லை. இல்லை என்று தலையாட்டலாம். பேசாமல் நிற்கலாம். யோசிப்பதற்குள் மூச்சு உள்ளே போய்விட்டது.

பெரியம்மா அந்த ஹாலிலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அதே முகத்தோடு அழுதாள். நானும் அழுதேன். பார்க்கிறவர்களுக்கு இருவரும் ஒரே காரணத்துக்காக அழுவது போலத்தான் இருந்திருக்கும்.

டாக்டரம்மா என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். "ஒண்ணுமே இல்ல, நல்லா ஓடி ஆட வுடுங்க" என்றார். கற்பூரவல்லியை நிறுத்தலாமா என்று பெரியம்மா கேட்டாள். நிறுத்தலாம் என்றார். அன்று நடந்தவற்றில் நல்லது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு. பெரியம்மா ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். நான் அதைப் பிரிக்கவில்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, நல்லா இருக்கியா நல்லா இருக்கியான்னு நான் கேட்டப்பல்லாம், நல்லா இருக்கேன்னு சொன்னியா?"

மூச்சை இழுத்தேன்.

"நெஜமா நல்லா இருந்தியா?"

மூச்சு உள்ளே போகவில்லை. நான் காத்திருந்தேன். போகவே இல்லை. மாதக்கணக்கில் எல்லாக் கேள்விக்கும் எனக்கு முன்னால் ஓடிய மூச்சு, அந்த ஒரு கேள்விக்கு அப்படியே நின்றுவிட்டது. வெளியே பார்த்தேன். தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன.

"அதான பாத்தேன்" என்றாள் பெரியம்மா. "ஏதோ சரியில்ல, சரியில்லன்னு எனக்கு மனசுல அடிச்சிக்கினே இருந்துது. டாக்டருக்கு இன்னா தெரியும்."

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்ட ஒன்றை அவள் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறேன் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் அதை நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

"அம்மாகிட்ட போவணுமா உனக்கு?"

இழுத்தேன். இந்தத் தடவை இழுத்த மூச்சு விம்மலாக வெளியே வந்தது. பெரியம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கு உன்ன அனுப்ப மனசு வர்ல. அதுக்குன்னு நீ உள்ளுக்குள்ள அழுதுக்கினு இருக்கிறத நான் பாத்துக்கினு இருக்க முடியுமா? நீ சொல்லு. போவணும்னா இன்னிக்கே உங்கப்பனுக்கு போன் போட்றேன். அங்கயே எங்கனா ஒரு பள்ளிக்கூடத்த தேடட்டும். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

உனக்கு என்ன வேண்டும் என்று என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. மோஜோவிலும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை.

மாதனூர் தாண்டியது. வாசனை வந்தது. பஸ்ஸில் முன்னாலிருந்து ஒவ்வொருவராக ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்கள். பழக்கத்தில் பெரியம்மாவும் என் ஜன்னலுக்குக் கை நீட்டினாள்.

"வேணாம் பெரியம்மா. எங்க வீட்ல இதே வாசனதான் அடிக்கும்."

அவள் கை பாதியில் நின்றது. என் அறை ஜன்னலில் தான் ஒட்டிய டேப் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "ஐயோ சாமி" என்றாள். பிறகு எழுந்து, மூடியிருந்த மேல் கண்ணாடியையும் சேர்த்துத் திறந்துவிட்டாள். பின் சீட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காற்று முகத்தில் அடித்தது. நான் வாய் நிறைய இழுத்தேன். அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

"பெரிய லீவு வரைக்கும் இருக்கேன்" என்றேன்.

"நெஜமா?"

"லீவுக்கு என்ன மோஜோவுக்குக் கூட்டிக்கினு போவீங்களா?"

பெரியம்மா திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போனவள் இல்லை. விமானத்தை மொட்டை மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டி, மூச்சை உள்ளே இழுத்தாள்.

எத்தியோப்பியாவில் யாரும் அவ்வளவு பெரிய ஆமாம் சொல்லிக் கேட்டதில்லை. ஆம்பூர்க் காற்று முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே போய், இருமல் பிடித்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முன் சீட்டில் இருந்தவர் பதறித் திரும்பித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இன்னாம்மா, மூச்சு முட்டுதா? தோல் கம்பெனி காத்து, சில பேருக்கு ஒத்துக்காது."

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள் பெரியம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "நல்லாத்தான் இருக்கறேன்."

நான் அதை நம்பவில்லை. பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தேன்.